கடைசி சைக்கிளின் மணிச்சத்தம்

மூடுபனி இறங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. நவம்பரில் ஆரம்பித்து பிப்ரவரி வரைக்கும் வட இத்தாலியில் இந்தப் போ ஆற்றுச் சமவெளி முழுக்க இதே பாடுதான். ஆனால் நாங்கள் வேலை பார்க்கும் பேரிக்காய்க் கிடங்கின் வாசலுக்கு மூடுபனியும் தெரியாது, மழையும் தெரியாது. காலை ஏழரைக்கு மூடினால் மூடியதுதான். அதனால் நாங்கள் ஏழு பேர் கால்வாய்க் கரைமேல் ஒருவர் பின்னால் ஒருவராக வரிசை கட்டி சைக்கிள் மிதிப்போம்.

முன்னால் லெயார்கோ அண்ணன். அவருடைய டைனமோ விளக்குதான் ஊரிலேயே பெரியது. அதைப் பற்றி அவர் பேசும் பேச்சு அதைவிடப் பெரியது. அவருக்குப் பின்னால் ஓயாமல் சண்டை போடும் ஓர் அண்ணன் தம்பி, ரொட்டிக்கடைக்காரர் மகள், ஐந்தாவதாக நான், எனக்குப் பின்னால் நீவெஸ், கடைசியில் டிர்ச்சே. பம்ப் ஹவுஸ் திருப்பம் வந்ததும் லெயார்கோ அண்ணன் ஒரு மணி அடிப்பார். பின்னால் ஒவ்வொருவரும் ஒரு மணி. கடைசி ஆள் மட்டும் இரண்டு மணி. அந்த இரண்டு மணி கேட்டால் எல்லாரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம், வரிசை போய்க்கொண்டே இருக்கும். கேட்காவிட்டால் அத்தனை பேரும் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்து தேட வேண்டும். ஒரு பக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் பள்ளம். விழுந்தவளை மூடுபனியில் வேறு எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசி இடம் யாருக்கும் பிடிக்காது. முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது ஒரு மாதிரி பயம். டிர்ச்சே தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு ஆறு முதுகு முன்னாடி போகணும். அப்பத்தான் யார் யார் கோட்டுக்குள்ள எந்தப் பேப்பர் இருக்குன்னு தெரியும்" என்பாள்.

குளிருக்கு நாங்கள் எல்லாருமே நெஞ்சில் செய்தித்தாளை மடித்துச் செருகிக்கொள்வோம்.

"என்னுது கட்சிப் பேப்பர்டீ. கோயில் பேப்பர்ல எங்க சூடு இருக்கு?" என்று முன்னாலிருந்து லெயார்கோ அண்ணன் கத்துவார்.

"அதான் ரெண்டு வருஷமா இருமுறீங்களா அண்ணே?" என்று கடைசியிலிருந்து பதில் வரும். வரிசை முழுக்கச் சிரிக்கும்.

டிர்ச்சேக்கு முப்பத்தொன்றாம் வயதில் புருஷன் போய்விட்டான். கால்வாய் தூர்வாரும் வேலையில் கரை சரிந்து போனவன். அவன் விட்டுப்போனது ஒரு மகளும், குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிள் ஒன்றும்தான். மகளை ஃபெராரா நகரத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தாள். சைக்கிளைத் தானே ஓட்டினாள். ஒரு பெண்பிள்ளை பாவாடையோடு கம்பிக்கு மேல் காலைத் தூக்கிப் போடுவதா என்று எங்கள் பங்குச்சாமி அவளை நிறுத்திக் கேட்டார். அவரும் அப்போது சைக்கிளில்தான் இருந்தார், அங்கியோடு.

"நீங்களும் பாவாடையோடதான் ஓட்டுறீங்க சாமி. நான் ஏதாவது கேட்டேனா?" என்றாள்.

அதற்கப்புறம் அவர் அவளைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிவிடுவார். நான் அவளை என் மகனுக்கு ஞானத்தாயாக வைத்தபோது ஒரு வார்த்தை பேசாமல் ஞானஸ்நானம் கொடுத்தார்.

ஆமாம், என் மகனுக்கு ஞானத்தாய் அவள்தான். எதிர்வீடு. ஒரே வயது. என் பிரசவத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் நன்றாக இருக்காது.

எழுபத்திரண்டாம் வருடம் நவம்பரில் கிடங்கில் ஒரு புது ஏற்பாடு வந்தது. அறுவடை முடிந்தால் முப்பது பேருக்கு வேலை இருக்காது, குளிர்காலத்துக்குப் பன்னிரண்டு பேர் போதும் என்றார்கள். கை வேகத்தை வைத்து வரிசைப்படுத்துவார்கள். மூன்று தரம் தாமதமாக வந்தவர் பெயர் நேராகப் போய்விடும். பட்டியல் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒட்டப்படும் என்று சொல்லியிருந்தார்கள்.

கை வேகத்தில் டிர்ச்சேக்கு நிகர் யாரும் இல்லை. பேரிக்காயைக் காகிதத்தில் சுற்றி அவள் பெட்டியில் வைப்பது கண்ணுக்கே தெரியாது. ஆனால் அவள் பெயருக்கு நேரே ஏற்கெனவே இரண்டு தாமதம் இருந்தது. ஒன்று, நீவெஸின் செயின் அறுந்த நாள். இன்னொன்று, என் டயர் வெடித்த நாள். பனிமழையில் மண்டியிட்டு, விரல் விறைக்க விறைக்க எனக்குப் பஞ்சர் ஒட்டினாள். நான் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். நீவெஸுக்கும் இரண்டு தாமதம். எனக்கு அந்த ஒன்றுதான்.

என் கை வேகம்? பன்னிரண்டு பேரில் வருவேனா மாட்டேனா என்கிற ரகம். மேஸ்திரியம்மா என்னிடம் ஜாடையாகச் சொல்லியிருந்தாள். "எல்விரா, நீ பதிமூணுடீ. வாசல்ல நிக்கிற. யாராவது நகர்ந்தா உள்ள வந்துருவ."

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அப்படி ஒரு மூடுபனியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கரையில் உறைபனி வேறு கண்ணாடி மாதிரி பூத்திருந்தது. மிதிக்கும் சத்தமும் மூச்சு வாங்கும் சத்தமும்தான். பம்ப் ஹவுஸுக்குக் கொஞ்சம் முன்னால், பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூட்டையைத் தண்ணீரில் போட்ட மாதிரி. கூடவே இரும்பு உரசும் சத்தம். அப்புறம் கூப்பிடும் சத்தம்.

எனக்குக் கேட்டது. இப்போது சொல்கிறேன், நன்றாகவே கேட்டது.

அந்த நேரம் பார்த்து லெயார்கோ அண்ணன் மணி அடித்தார். அண்ணன் தம்பி அடித்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் மகள் அடித்தாள். நான் அடித்தேன். எனக்குப் பின்னால் நீவெஸ் ஒன்று அடித்தாள். ஒரு மூச்சு இடைவெளி. பிறகு அதே இடத்திலிருந்து, அதே மணியில், அவசர அவசரமாக இரண்டு.

டிர்ச்சே ஒருநாளும் அப்படி அடிப்பவள் இல்லை. ஒன்று அடித்து, நிதானமாக இன்னொன்று அடிப்பாள். அது அவள் மணி இல்லை என்று எனக்குத் தெரியும். நீவெஸ் கைதான் என்று தெரியும். என் காலைத் தரையில் ஊன்றி "நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு ஒரு தாமதம் கூடியிருக்கும், அவ்வளவுதான். நான் மிதித்தேன். முன்னைவிட வேகமாக மிதித்தேன்.

ஏழு பேர் கணக்கும் சரியாக வந்துவிட்டது என்று லெயார்கோ அண்ணன் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தார். பாவம் அந்த மனுஷன்.

வாசல் மூடி அரை மணி நேரம் கழித்து டிர்ச்சே வந்தாள். கழுத்து வரைக்கும் ஈரம், தலைமுடியில் நாணல் தூசி, முன்சக்கரம் வளைந்த சைக்கிள். கோட்டுக்குள்ளிருந்த செய்தித்தாள் கூழாகிப் பொத்தான் இடுக்கில் வழிந்துகொண்டிருந்தது. கம்பி வாசலுக்கு வெளியே நின்றாள். காவலாளி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். மூன்றாவது தாமதம்.

லெயார்கோ அண்ணன் ஓடினார். "டிர்ச்சே! என்னடீ இது கோலம்? நீ மணி அடிச்சியேடீ! நான் எண்ணினேனே!"

"நானும்தான் கேட்டேன் அண்ணே" என்றாள். பல் தந்தி அடித்தது. "கழுத்தளவு தண்ணில நிக்கிறேன். அங்க மணி அடிக்குது, டிர்ச்சே வந்துட்டான்னு. நான் இங்க இருக்கேன். அப்ப அங்க போறது யாரு?"

மேஜைகளில் ஒரு கை அசையவில்லை. அவள் யார் பெயரையும் எடுக்கவில்லை. சைக்கிள் மணியில் விரலை வைத்து ஒன்று அடித்தாள். பிறகு, அவளுக்கே உரிய நிதானத்தோடு, இன்னொன்று. அடித்துவிட்டு வளைந்த சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி திரும்பிப் போனாள்.

நீவெஸ் அங்கேயே உடைந்துவிட்டாள். "தண்ணி சத்தம் கேட்டுச்சு. அவ எந்திரிச்சு வந்துருவான்னு நெனச்சேன். அவ டிர்ச்சேதானே, அவளுக்கு என்ன ஆகும்னு நெனச்சேன். எனக்கு மூணாவது ஆயிரும்னு பயம்..." என்று கதறினாள்.

"வேற யாருக்காவது கேட்டுச்சா?" லெயார்கோ அண்ணன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்விரா, நீ அவளுக்கு முன்னாடிதானே போன?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல அண்ணே. காது வரைக்கும் துணி கட்டியிருந்தேன்" என்றேன்.

பகல் பதினோரு மணிக்குப் பட்டியலை ஒட்டினார்கள். பன்னிரண்டாவது பெயர் என்னுடையது.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஊர் நீவெஸைக் கரித்துக் கொட்டியது. ரொட்டிக்கடையில், கோயிலில், துணி துவைக்கும் இடத்தில். எல்லாரையும்விட உரக்கப் பேசியவள் நான்தான். "கூட வந்தவளைத் தண்ணில விட்டுட்டு அவ மணியவே அடிச்சாளே, அந்தக் கை வெளங்குமா?" என்று கேட்டேன். வெட்கமே இல்லாமல் கேட்டேன். அதைக் கேட்டு நீவெஸ் ஒருநாள்கூட என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. தான் செய்ததன் பாரத்தில் என்னைக் கவனிக்க அவளுக்கு நேரமில்லை.

டிர்ச்சேக்குக் கிடங்கைத் தாண்டிய ஊரில் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை கிடைத்தது. அதனால் தினமும் காலையில் வேலை முடிந்து வீடு திரும்பும்போது அதே கரையில், அதே பம்ப் ஹவுஸ் பக்கம், அவள் எங்களுக்கு எதிரே வர ஆரம்பித்தாள். மூடுபனியில் எதிரே சைக்கிள் வந்தால் மணி அடிப்பது எங்கள் வழக்கம். அவள் அடிக்க மாட்டாள். நாங்கள் வரும் சத்தம் கேட்டதும் ஓரமாக ஒரு காலை ஊன்றி நின்றுவிடுவாள். கடைசி ஆள் கடக்கும் வரைக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள்.

"காலை வணக்கம் டிர்ச்சே!" என்பார் லெயார்கோ அண்ணன்.

"உங்களுக்கு மட்டும் வணக்கம் அண்ணே" என்பாள்.

நான்கு குளிர்காலம் இப்படியே போனது. என் வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் என் மகனுக்குச் சாக்லேட் முட்டை தவறாமல் வரும், ரொட்டிக்கடைக்காரர் கையில் கொடுத்தனுப்புவாள். எங்கள் எல்லார்மேலும் பொதுவாகக் கோபம் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு எதை வேண்டுமானாலும் நம்பும், வசதியாக இருந்தால்.

ஐந்தாவது வருடம் என் மகனுக்கு, ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் உறுதிப்பூசுதல் சடங்கு வந்தது. ஞானத்தாய் வராமல் நான் போகமாட்டேன் என்று பையன் ஒற்றைக் காலில் நின்றான். ஒரு பிப்ரவரி காலையில் வழியில் வரிசையோடு சேர்ந்துகொள்கிறேன் என்று லெயார்கோ அண்ணனிடம் சொல்லிவிட்டு நான் முன்னதாகவே கிளம்பி, பம்ப் ஹவுஸ் திருப்பத்தில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு நின்றேன். மூடுபனியிலிருந்து முதலில் அந்தக் குறுக்குக் கம்பி தெரிந்தது. அப்புறம் அவள்.

"வழிய விடு" என்றாள்.

"பையனுக்கு மே மாசம் உறுதிப்பூசுதல் டிர்ச்சே. நீ வரணும்."

"வர்றேன். அவன் எனக்கு என்ன பண்ணினான்? வேற?"

வேறு இருந்தது. "நீவெஸ் பண்ணினதுக்கு எங்க எல்லார்கிட்டயும் இப்படி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா எப்படிடீ? நாலு வருஷம் ஆச்சு."

அவள் சிரித்தாள். பழைய சிரிப்பு இல்லை. "நீவெஸா? அவ அந்தக் கிறிஸ்துமஸுக்கே வந்துட்டா. என் அடுப்படியில ஒக்காந்து ஒரு மணி நேரம் அழுதா. சோளக்களி கிண்டிப் போட்டேன், தின்னுட்டுப் போனா. அவளோட எனக்கு ஒரு கணக்கும் இல்ல. பயந்தாங்கொள்ளி, பயத்துல பண்ணிட்டா."

"அப்ப ஏன்..."

"தண்ணிக்குள்ள இருந்து நான் அவளையா கூப்பிட்டேன்?"

நான் கைப்பிடியைப் பார்த்தேன். முயல்தோல் கையுறை நனைந்திருந்தது.

"யாரக் கூப்பிட்டேன் எல்விரா?"

"டிர்ச்சே..."

"வாயத் தொறந்து சொல்லு. ஊரெல்லாம் நல்லாத் தொறக்குதே."

"என்னைய" என்றேன்.

"எத்தன தடவ?"

காது வரைக்கும் துணி கட்டியிருந்தேன் என்று லெயார்கோ அண்ணனிடம் சொன்னவள் நான். ஒன்றும் கேட்கவில்லை என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியிடமும் சொன்னவள். ஆனால் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மூணு தடவ."

டிர்ச்சே கண் கலங்கியதை அந்த ஒரு தரம்தான் பார்த்தேன், புருஷன் செத்தபோதுகூடப் பார்த்ததில்லை.

"எண்ணியிருக்க" என்றாள். "மிதிச்சுக்கிட்டே எண்ணியிருக்க."

என் சைக்கிளை ஒரு கையால் நகர்த்தி வைத்தாள். கம்பிக்கு மேல் காலைத் தூக்கிப் போட்டு ஏறிப் போய்விட்டாள். அதற்குள் பின்னாலிருந்து எங்கள் வரிசை வந்துவிட்டது. லெயார்கோ அண்ணன் ஒரு மணி அடித்தார். ஒவ்வொருவராக அடித்தார்கள். என் முறை வந்தபோது நான் மணிமேல் கை வைக்கவில்லை. வரிசை நின்றது. எல்லாரும் இறங்கி, மூடுபனிக்குள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி, தேடிக்கொண்டு வந்தார்கள்.