கடைசித் தெருவின் செயலாளர்

செயலாளர் என்றால் அந்தக் குடியிருப்பில் ஒரே ஒருவர்தான். பதினான்கு தெருக்கள், நானூறு சொச்சம் வீடுகள், ஒரு குடியிருப்போர் சங்கம், அதற்குப் பதின்மூன்று வருஷமாக அதே செயலாளர். தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவர் வீட்டை விற்றுவிட்டுப் போனார், இன்னொருவர் கோபித்துக்கொண்டு போனார். செயலாளர் மட்டும் அசையவில்லை. அசைக்க வேறு ஆள் வரவேண்டுமே! தெருவிளக்கு எரியாவிட்டாலும் திட்டு, பகலில் எரிந்தாலும் திட்டு. அந்த வேலைக்கு எவன் வருவான்?

மனிதர் தபால் நிலையக் கவுன்ட்டரில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவர். வரிசை என்றால் அவருக்கு உயிர். ஒருமுறை அவருடைய மனைவியே பார்சல் அனுப்ப வந்து வரிசையில் நின்றாள். அவள் முறை வரும்போது மதிய இடைவேளை ஆகிவிட்டது. மனிதர் ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே போய், அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டையே பிரித்து நிதானமாகச் சாப்பிட்டார். அவள் அரை மணி நேரம் வெளியே நின்றாள்.

"வேற யாராவதா இருந்தா திறந்திருப்பீங்களா?" என்று சாயங்காலம் கேட்டாள்.

"மாட்டேன்."

"அப்ப சரி," என்று சிரித்துவிட்டாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும்.

சங்கத்தின் பெரிய தலைவலி கால்வாய். வீட்டு வாசலுக்கும் சாலைக்கும் நடுவே, முழங்காலுக்கு மேல் ஆழமாக, மூடியில்லாமல் ஓடும் மழைநீர்க் கால்வாய். எத்தனையோ மனு கொடுத்து, நகராட்சி இன்ஜினியரின் அறை வாசலில் தவம் கிடந்து, கடைசியில் செயலாளர் ஒரு வழி பண்ணினார். வருஷத்துக்கு ஒரு தெருவுக்கு மட்டும் சிமென்ட் ஸ்லாப் போட்டுத் தருவதாக நகராட்சி ஒப்புக்கொண்டது. எந்தத் தெரு முதலில் என்பதைச் சங்கமே முடிவு செய்துகொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டது.

கூட்டம் மழலைப் பள்ளி ஹாலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமெல்லாம் அங்கேதான். பெரிய பெரிய ஆட்களெல்லாம் குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு நாட்டு நடப்பைப் பேசுவார்கள். அன்றைக்கு எங்க தெரு முதல்ல, உங்க தெரு அப்புறம் என்று கைகலக்காத குறை. செயலாளர் எழுந்து பட்டியலை வாசித்தார். தாழ்வான தெரு முதலில், வயதானவர்கள் அதிகம் உள்ள தெரு அடுத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. பதினான்காவதாகத் தன்னுடைய தெருவை எழுதியிருந்தார்.

"செயலாளர் தன் வீட்டை முதல்ல பாத்துக்கிட்டான்னு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க," என்றார்.

சத்தமெல்லாம் அடங்கிப்போயிற்று. யாரோ கைதட்டினார்கள், பிறகு எல்லோருமே தட்டினார்கள். அதுவரை பார்த்திருந்த இருபத்தைந்து வருஷ தபால் வேலையில் அவருக்கு ஒருவரும் கைதட்டியதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வந்தபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மனைவி வாசலில் நின்றிருந்தாள். அவர்கள் வீட்டுக் கால்வாயின் குறுக்கே, குளியலறையிலிருந்து கழற்றிய பழைய மரக்கதவு கிடந்தது. அதுதான் பாலம்.

"நம்ம தெரு எப்பங்க?"

"வரும்."

"எப்ப வரும்?"

"கடைசியா."

அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அந்தக் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் வருஷங்களுக்குத் தெருவின் பெயர்தான். நான்காம் தெருவுக்கு ஸ்லாப் வந்த வருஷம் மகள் பொதுத்தேர்வு எழுதினாள். எட்டாம் தெருவின்போது அவளுக்குப் பட்டமளிப்பு விழா. அன்றைக்கு லாரியில் வந்த ஸ்லாப்பில் பாதி விரிசல். செயலாளர் இன்ஜினியரோடு மல்லுக்கட்டி அதையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து விழா மண்டபத்துக்குப் போனபோது ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மகளும் மனைவியும் படம் எடுத்து முடித்துவிட்டார்கள். எடுத்துக் கொடுத்தது மண்டபத்துக் காவலாளி.

"பரவாயில்லப்பா," என்றாள் மகள். அந்தப் பரவாயில்லையை அவர் அப்படியே நம்பினார். இப்போது நினைத்தால் தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது அவருக்கு.

பதினோராம் தெரு வருஷம் அவளுக்குக் கல்யாணம், பதிவு அலுவலகத்தில். அன்றைக்கு அவர் நேரத்துக்கே வந்துவிட்டார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் மூன்று தடவை போன் வந்தது. கால்வாய்க்குள் குடிநீர்க் குழாய் உடைந்துவிட்டதாம். சாட்சிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினார். கல்யாணப் படத்தில் கதவோரமாக ஒரு முழங்கை தெரியும். அது பெண்ணைப் பெற்றவருடையது.

இதற்கிடையில் ஒரு விதியும் போட்டிருந்தார். தனியார் யாரும் கால்வாய் மேல் கல் போடக்கூடாது. போட்டால் துப்புரவு ஆட்கள் தூக்க முடியாது, அடைத்துக்கொள்ளும், அடுத்த வீட்டில் தண்ணீர் ஏறும். நியாயமான விதிதான். அவருடைய சொந்தத் தெருவிலேயே மூன்று வீட்டுக்காரர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கல்லை இறக்கினார்கள். மூன்று வீட்டுக்கும் நோட்டீஸ் போனது, கல்லும் போனது. அதில் ஒன்று எதிர்வீட்டுத் தையல்காரருடையது. அந்த மனுஷன் நான்கு மாதம் இவரோடு பேசவில்லை, இவருடைய கால்சட்டையை மட்டும் ஒழுங்காகத் தைத்துக் கொடுத்தார்.

பன்னிரண்டாம் தெரு வேலை முடிந்த அன்று லாரியில் நான்கு ஸ்லாப் மிஞ்சியது. இன்ஜினியர் நல்ல மனுஷன்.

"சார், இதை ஏன் திருப்பி எடுத்துக்கிட்டுப் போகணும்? உங்க வாசல்ல இறக்கிடவா? அந்தக் கதவைப் பாத்தாலே பயமா இருக்கு."

"வேணாம் சார். முறைன்னு ஒண்ணு இருக்கு."

லாரி கிளம்பிப் போயிற்று. அடுத்த கூட்டத்தில் இதை வேறு யாரும் சொல்லிவிடுவதற்குள் அவரே சொன்னார். கைதட்டினார்கள். இரண்டாம் தடவை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை நேரம். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. மகளிடமிருந்து போன். வலி வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்கள். மனைவி பத்து நாளாகவே பையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தவள். வாடகைக் காருக்குச் சொல்லியாயிற்று.

"நீ கார்ல ஏறி வந்துரு. நான் பன்னிரண்டாம் தெருவுல தண்ணி வடிஞ்சிருக்கான்னு பாத்துட்டு முனையில ஏறிக்கறேன்," என்று சொல்லிவிட்டு இவர் குடையோடு முன்னால் நடந்துவிட்டார்.

பன்னிரண்டாம் தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. எல்லாம் பிரமாதமாக வடிந்திருந்தது. அவர் அதைப் பார்த்து மகிழ்ந்து நின்ற நேரத்தில், இங்கே அவருடைய மனைவி இரண்டு கையிலும் பையோடு அந்தக் கதவின் மேல் கால் வைத்தாள். ஊறிப்போன மரம். அவளைத் தூக்கி எடுத்தவர் எதிர்வீட்டுத் தையல்காரர்.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஒரே நாளில் ஒரு ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பிரசவம், இன்னொன்றில் தாய்க்கு ஆபரேஷன். பேத்தி பிறந்த செய்தி போனில் வந்தது. மனைவி மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது, "அவ தனியாவா இருந்தா?" என்றுதான். மாப்பிள்ளை இருந்தார், மாமியார் இருந்தார் என்று இவர் சொன்னார். "நான் இல்லையே," என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து மகள் தாயை நேராகத் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அது லிஃப்ட் உள்ள அடுக்குமாடி வீடு.

"வாசல்ல கால வைக்க முடியாத வீட்டுக்கு எங்கம்மாவ நான் அனுப்ப மாட்டேம்பா," என்றாள். குரலை உயர்த்தவில்லை. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்.

மனைவி சக்கரம் வைத்த வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகினாள். "வாசலை மட்டும் சரி பண்ணுங்க. வந்துடறேன்," என்று இவரிடம் சொல்லியிருந்தாள்.

ஏழு மாதம். தனியாகச் சமைத்து, நின்றுகொண்டே சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவர் வாசலில் போய் நிற்பார். பதின்மூன்றாம் தெருவுக்கு இந்த வருஷம். இவர் தெருவுக்கு அடுத்த வருஷம். அதுவரை அவளில்லாமல் இந்த வீட்டில் இருக்க முடியுமா? முடியவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை.

தையல்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஒரு கல்லைப் போட்டு அண்ணிய கூட்டிக்கிட்டு வாங்க சார். யாரு கேக்கப் போறாங்க?"

"மூணு வீட்டுக் கல்லை நான் எடுக்க வச்சிருக்கேன். அதுல ஒண்ணு உங்களோடது."

"அதான் சொல்றேன். நானே கேக்கலைன்னா வேற யாரு கேக்கப் போறா?"

செயலாளர் உள்ளே போய்விட்டார். கல்லைப் போடவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்று கேட்கத் துணிந்தார்.

கூட்டத்தில் எல்லா விஷயமும் முடிந்தது. குப்பை வண்டி நேரம், நாய்த் தொல்லை, பூங்காவில் உடைந்த ஊஞ்சல். அவர் எழுந்தார். கையில் எழுதி வைத்திருந்த தாளைப் பார்க்காமலே பேசினார்.

"ஒரு வேண்டுகோள். பதிமூணாவது தெருவுக்குப் பதிலா இந்த வருஷம் பதினாலாவது தெருவுக்குப் போட முடியுமா... என் வீட்டுக்காரம்மா வீட்டுக்கு வரணும்." தாளை நாலாக மடித்தார். "பதிமூணாம் தெருக்காரங்களுக்குக் கஷ்டம்னா வேணாம்."

பதின்மூன்றாம் தெரு பேக்கரிக்காரர் குட்டி நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்தார். பெரிய உடம்பு, நாற்காலியும் கூடவே கொஞ்சம் எழுந்தது. செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். வரிசைன்னா வரிசைதானே சார் என்று அந்த ஆள் சொல்லப் போகிறார், தன் வாயிலிருந்து பொறுக்கின வார்த்தையையே தன் முகத்தில் வீசப் போகிறார் என்று காத்திருந்தார்.

"என்ன சார் இது, முடியுமான்னு கேட்டுக்கிட்டு! எடுத்துக்கோங்க. அம்மா விழுந்த அன்னைக்கே எங்க தெருவுல பேசிக்கிட்டோம், சார் கேட்டா குடுத்துடலாம்னு. நீங்க கேக்கவே இல்லை."

"மூணாவது வருஷமே எங்க தெருவுல சொன்னாங்க," என்றார் இன்னொருவர். "நம்ம தெருவ வேணா அவருக்கு விட்டுக்குடுப்போம், பாவம் அவர்தானே அலையறாருன்னு. நீங்க கோவிச்சுக்குவீங்களோன்னு யாரும் வாயத் திறக்கலை."

கை தூக்கச் சொன்னார்கள். அத்தனை கையும் எழுந்தது. அடுத்த நிமிஷம் ஊஞ்சலைப் பற்றி விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். செயலாளர் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தார். சண்டை வந்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பத்து நாளில் ஸ்லாப் இறங்கியது. தெருவே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. அவர் வாசலில் மட்டும் இன்ஜினியர் ஓரத்தில் சரிவாகப் பூசி, வாக்கர் ஏறுகிற மாதிரி செய்து கொடுத்தார். தையல்காரர் அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்து, "என் எடையையே தாங்குது சார்," என்றார். சிமென்ட் காய்ந்ததும் செயலாளர் மனைவிக்குப் போன் போட்டார்.

"வந்துடுச்சும்மா. நம்ம வாசலுக்கு வந்துடுச்சு. எப்ப வர்றே? நான் கார் எடுத்துக்கிட்டு வர்றேன்."

"பதிமூணாவது தெருதானேங்க இந்த வருஷம்?"

"கேட்டேன். மாத்திக் குடுத்துட்டாங்க."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"நீங்களா கேட்டீங்க?"

"நான்தான்."

"சண்டை போட்டாங்களா?"

"இல்ல."

"எவ்வளவு நேரம் ஆச்சு, அவங்க சரின்னு சொல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் வாதாடினேன் என்று சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவாவது இருந்திருக்கும். கூட்டக் குறிப்பு எழுதியே பழகிய மனுஷனுக்கு அது வரவில்லை.

"ரெண்டு நிமிஷம் இருக்கும்," என்றார்.

அவள் அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை. பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"பதிமூணு வருஷம் அந்தக் கதவு மேல நடந்தேங்க. ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டே நடந்தேன். ரெண்டு நிமிஷம் எனக்காக உங்களால வாயத் திறக்க முடியலை."

"தப்புதாம்மா. என் தப்புதான்."

"நான் வரலைங்க. கோவம்லாம் இல்ல. இங்க குழந்தை என்னைப் பாத்துச் சிரிக்குது. இதையும் விட்டுட்டு அங்க வந்து உக்காந்துக்கிட்டு, நீங்க எப்ப கூட்டம் முடிஞ்சு வருவீங்கன்னு வாசலப் பாத்துக்கிட்டிருக்க எனக்குத் தெம்பில்ல."

செயலாளர் புது ஸ்லாப்பின் மேல் நின்றுகொண்டிருந்தார். கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் அங்க வந்துடட்டுமா?" என்றார் மெதுவாக.

"அது நம்ம பொண்ணு வீடுங்க. அவளத்தான் கேக்கணும். கேளுங்க, அவ ஒண்ணும் முடியாதுன்னு சொல்ல மாட்டா. இருங்க, குடுக்கறேன்."

போன் கை மாறுகிற சத்தம். அவர் சட்டையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். என்ன கேட்க வேண்டும் என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"சொல்லுங்கப்பா," என்றாள் மகள்.

பட்டமளிப்பு விழா மண்டபத்தில் பரவாயில்லப்பா என்று சொன்ன அதே குரல்தான். அவர் செருப்பு நுனியால் ஸ்லாப்பைத் தேய்த்தார்.

"என்னப்பா? அம்மா ஏதோ கேக்கணும்னு சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லம்மா," என்றார் அவர். "குழந்தை நல்லா இருக்காளா?"