அடியில்லாத சேறு

பெரியபாளையம் பவானியம்மன் கோயிலில் வேப்பஞ்சேலை கட்டிக்கொள்ளும் பெண்கள் பக்தியில் நடுங்குவார்கள். நான் பயத்தில் நடுங்கினேன். உடம்பு முழுக்கப் பச்சை இலை. பச்சையைக் கண்டாலே நான் ஒதுங்கி நடக்க ஆரம்பித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

என் வீட்டுக்காரர் வெல்டர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, ரஷ்யாவின் வடகோடிக்கு எரிவாயுக் குழாய் வேலைக்குப் போனார். அங்கே நிலம் அடியோடு கல் போல உறைந்து கிடக்கிறது, கோடையில் மேலே ஒரு முழம்தான் இளகும் என்று முதல் போனிலேயே சொன்னார். அந்த உறைந்த மண்ணில் நட்ட தூண்கள்மேல்தான் குழாய்கள் போகின்றன. இப்போது வருடத்துக்கு வருடம் ஆழமாக இளகுகிறது, தூண்கள் சாய்கின்றன. சாய்ந்த தூணுக்கு முட்டுக் கொடுத்து வெல்டிங் வைப்பதுதான் இவர் வேலை. அங்கே மண் இளக இளக இங்கே எங்கள் வீட்டில் உலை கொதித்தது. எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவர் ஆரம்பாக்கத்துக்காரர், கழனி வேலையில் வளர்ந்தவர். எங்கே போனாலும் மனிதர் முதலில் மண்ணைத்தான் பார்ப்பார். அங்கே மரமே இல்லை. பாசி, கணுக்கால் உயரப் புதர், பஞ்சு போல வெள்ளைப் பூ வைத்த ஒரு கோரை. எல்லாம் உரம் காணாத பயிர் மாதிரி சவலையாக இருக்கிறது என்று வீடியோவில் காட்டி உச்சுக் கொட்டுவார். அந்தக் குளிரில் உதிர்ந்தது எதுவும் மட்காதாம். மட்காத மண்ணில் செடிக்கு என்ன கிடைக்கும்?

ஒரு சரிவின் கீழே மட்டும் கோரை முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாக வளர்ந்திருந்தது. போர்மேனிடம் கேட்டிருக்கிறார். எந்தக் காலத்துத் தழையோ வேரோ பனிக்குள் அழுகாமல் கிடந்தது, பனி விட்டதும் மட்குகிறது, அந்தச் சத்து ஆழமாக வேர் விடும் கோரைக்குத்தான் முதலில் போகிறது, பாசியெல்லாம் அதன் நிழலில் செத்துப்போகிறது என்றாராம் அந்த ஆள். யாரும் போடாத யூரியா என்று இவருக்கு ஒரே குஷி.

எனக்கோ நாங்கள் முன்பு குடியிருந்த லைன் வீட்டின் பின்புறம் ஞாபகம் வந்தது. அங்கேயும் ஓர் இடத்தில் மட்டும் புல் மதமதவென்று வளர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு ஆடு அதை விட்டு நகராது. ஒருநாள் என் கண்ணெதிரே சிலாப்பு உடைந்து ஆடு செப்டிக் டேங்குக்குள் போய்விட்டது. கத்தக்கூட அதற்கு நேரமில்லை. இதைச் சொன்னதும், பனியையும் கக்கூஸ் தொட்டியையும் ஒன்றாக்கிவிட்டாயே என்று சிரித்தார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அவருக்கு லீவு, அங்கே கோடையில் சூரியன் மறைவதும் இல்லை. அந்தப் பச்சையைக் கிட்டத்தில் காட்டுகிறேன் என்று போனைத் தரைப் பக்கம் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கோரையும் அவருடைய பூட்சும்தான். ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக் என்றது.

"மாமா, அதுல கால வெக்காத. திரும்பி வந்துரு."

"சேத்துல பொறந்தவன்மே நானு. முட்டி வரிக்கும் போவும், அப்பால அடி வந்துரும். பாத்துகினே இரு."

எங்கள் கழனிச் சேறு அப்படித்தான். காலங்காலமாக உழுது மிதித்ததில் அடியில் தரை இறுகியிருக்கும். கால் புதைந்தாலும் ஓர் இடத்தில் நின்றுவிடும். அதை நம்பித்தான் எங்கள் ஆட்கள் யோசிக்காமல் இறங்குவார்கள். நான் பதில் சொல்வதற்குள் படம் ஒரு சுற்று சுற்றியது. பிறகு வெறும் வானம், போன்மேல் வந்து உட்கார்ந்த ஒரு கொசு. அவர் குரலே இல்லை. நான் கத்தினேன். லைன் கட்டாகிவிட்டது.

அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்த அத்தை, அவருடைய அம்மா, என்ன சத்தம் என்று கேட்டார். டவர் இல்லை என்றேன். பெற்றவளிடம் வேறு என்ன சொல்வது? திரும்பத் திரும்பப் போன் போட்டேன், போகவில்லை. சிமெண்டுத் தரையைக்கூட நம்ப முடியாமல் கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பவானியம்மா, அவரை மேலே ஏற்றிவிடு, வேப்பஞ்சேலை கட்டுகிறேன் என்று வேண்டினேன். எப்போதும் சாமியிடம் சண்டை போடுகிறவள் நான். அன்று கெஞ்சத்தான் செய்தேன்.

அத்தை போட்டு வைத்த சோறு ஆறிப்போன பிறகு, வேறு யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டார். இடுப்புக்கு மேல் போயிருக்கிறார். கோரையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கிடந்தவரைக் கூட வேலை செய்கிறவர்கள் பலகை போட்டு இழுத்திருக்கிறார்கள். குளிரில் கால் இருப்பதே தெரியவில்லையாம். திட்டுவதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, சூடாக ஏதாவது குடித்தாயா என்று கேட்டேன்.

"அடின்றதே இல்லம்மே," என்றார். அவர் அழுது நான் கேட்டது அன்றுதான்.

ஆடி மாதம் லீவில் வந்தார், வேண்டுதலை முடித்தோம். மறுநாள் ஆரம்பாக்கத்தில் நடவு. பிறந்து வளர்ந்த கழனியின் வரப்பில் நின்றுகொண்டு, ஒரு குச்சியைச் சேற்றுக்குள் குத்தினார். உருவிப் பார்த்துவிட்டு மறுபடி குத்தினார். ரஷ்யாக்காரருக்குச் சேறு மறந்துபோச்சு என்று நடவாட்கள் கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் இறங்கவில்லை. எனக்கும் கால் வைக்கப் பயம்தான். இருந்தாலும் முதலில் நான் இறங்கினேன். முழங்காலுக்குக் கீழேயே தரை வந்தது.

"அடி இருக்குது மாமா, வா."

என் கையை அவர் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது.

அதற்குள் அங்கிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். இந்த வருடம் இன்னும் ஆழமாக இளகியிருக்கிறதாம், குளிர் வருவதற்குள் முடிக்க வேண்டிய தூண்கள் நிறைய இருக்கின்றனவாம். போகாதே என்றேன். போனார். இப்போதெல்லாம் அவர் போன் வந்தால், கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எடுக்கிறேன்.