சட்டைப் பையில் இருந்த ஸ்பிரிங்

தொண்ணூறுகளின் நடுவில், வால்பாறை எஸ்டேட் ஒன்றிலிருந்து பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி ஆர்.எஸ்.புரம் வீட்டில் நிறுத்தியிருந்தேன். அதன் கார்புரேட்டர் தேய்ந்துபோயிருந்ததால் வேறு கம்பெனியின் புதியது ஒன்றைப் பொருத்தினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் முயன்றும் எஞ்சின் சீராக ஓடவில்லை. நான்காவது ஞாயிறன்று, கையாலேயே வேகத்தைக் கூட்டிக் குறைத்துக் கேட்க வசதியாக, ஆக்சிலேட்டரைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றினேன். நான் நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்ப்பவன். கழற்றிய சின்னச் சாமான் பஞ்சுக் கழிவில் தொலையாமலிருக்க அங்கே எல்லோரும் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். அன்றும் அப்படியே போட்டேன்.

ஒருவழியாக எஞ்சின் சீராக ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் பானெட்டை மூடிவிட்டேன்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வாரேனுங்கப்பா," என்றாள் மகள். லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"பாத்துப் போ கண்ணு."

கார் தெருமுனையில் திரும்பிய பிறகும் எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. செருப்பில்லாமல் ஓடினேன். பையில் ஸ்பிரிங் பேனாவில் மோதிக் கிணுகிணுத்தது. அதைத் திரும்ப மாட்டாமலே பானெட்டை மூடியிருந்தேன், அழுத்திய ஆக்சிலேட்டர் மேலே வராது என்பது அப்போதுதான் புரிந்தது. சட்டென்று சத்தம் நின்றது. அந்த அமைதி இன்னும் என்னை விடவில்லை.

அவள் சாவியைத் திருப்பி அணைத்திருந்தாள். நின்றிருந்த ஆட்டோ ஒன்றுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

"வண்டி நல்லாத்தானுங்கப்பா போகுது. நிக்கத்தான் மாட்டேங்குது," என்று சிரித்தாள்.

"புது கார்புரேட்டர் சரியில்ல கண்ணு," என்றேன்.

"கடைக்காரர் ஏமாத்திப்போட்டாருங்களா?"

"ஆமா," என்றேன், சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு. இத்தனை வருடத்தில் அதைத் திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.