கொம்பில்லாத பாம்பு

நேற்று கைப்பேசியில் மகள் ஒரு பழைய படம் அனுப்பியிருந்தாள். மணலில் சுருண்டு கிடக்கிற பாலைவனத்து விரியன். ஒவ்வொரு கண்ணுக்கு மேலும் ஒரு கொம்பு. எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரன் ஒருவன் உட்கார்ந்து செதில் செதிலாக வரைந்தது. "சூப்பரா இருக்குல்லம்மா?" என்று கேட்டிருந்தாள். எனக்குக் குப்பென்று டிஞ்சர் வாசனை அடித்தது.

டிஞ்சர் என்றால் ஜவ்வாது மலைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே துணை சுகாதார நிலையத்தில் நான்தான் நர்ஸ், நான்தான் எல்லாம். எனக்கு முன்பே அந்தக் கட்டடத்தில் ஈரம் குடிவந்திருந்தது. மேஜைக்குப் பின்னால் சுவர் ஊறிப்போய்ப் பார்க்கச் சகிக்காது. மருந்து கம்பெனிக்காரர் கொடுத்த காலண்டரில் இதே பாம்பு இருந்தது. கிழித்து ஒட்டிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கே களை வந்துவிட்டதாக நினைப்பு. ஒட்டிவிட்டுச் சும்மா இருந்தேனா? வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "விஷம்னா இதுதாங்க விஷம்" என்று ஒரே அளப்பு. பாலைவனத்தை நான் பார்த்ததே சினிமாவில்தான்.

ஒரு நாள் காலையில் காளி வந்தார். மேலே சாமை பயிரிடுகிறவர். வந்தார் என்ன, அவர் மனைவி ராணி இழுத்துக்கொண்டு வந்தார்.

"தரையில படுத்திருந்தாருங்க. விடியக்காலம் பாம்பு கடிச்சிடுச்சி. கருப்பா, வெள்ளக் கட்டு போட்டிருந்திச்சிங்க."

கட்டுவிரியன்! அது கடித்தால் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது, அப்படி ஏமாற்றும். புளி ஏற்ற வந்திருந்த ஜீப்பை வாசலுக்கு வரச் சொன்னேன். காளியோ சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நர்சம்மா, என்னக் கடிச்சதுக்குக் கொம்பே இல்லீங்க. நான் வூட்டுக்குப் போறேன்" என்று எழுந்துவிட்டார்.

"ஐயோ, இது நம்மூர்ப் பாம்பே இல்லீங்க!"

"அப்புறம் இன்னாத்துக்கு ஒட்டி வச்சிக்கீறீங்க?"

ஈரத்தை மறைக்க என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு மனுஷன் சாகக் கிடக்கிறான், எனக்குக் கௌரவம்! படத்தைப் பிடித்து இழுத்தேன். காரையோடு பெயர்ந்து என் தலையிலேயே கொட்டியது. வெள்ளைத் தலையோடு வாசலை மறித்து நின்று, "இப்ப வண்டில ஏறலன்னா நானே கடிச்சிடுவேன்" என்று கத்தினேன். அழுதுகொண்டிருந்த ராணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. காளி மிரண்டு போய்த்தான் ஏறியிருப்பார்.

ஜீப் புறப்பட்டது. பாதி மலை இறங்குவதற்குள் அவர் இமை சரிய ஆரம்பித்தது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரி வாசல்வரை, "கண்ணத் தொறங்க, கண்ணத் தொறங்க" என்று கத்திக்கொண்டே போனேன். தெரிந்த சாமி, தெரியாத சாமி ஒன்றையும் விடவில்லை.

பிழைத்தார். அதன்பிறகு எங்கே பார்த்தாலும் தலைமேல் இரண்டு விரலை நிமிர்த்தி, "கொம்பு இருக்குதுங்களா நர்சம்மா?" என்பார். சந்தையில், பஸ்ஸில், பெரிய அதிகாரிகள் வந்திருந்த முகாமில்கூட. மானம் போகும். "போங்க அந்தப் பக்கம்" என்று விரட்டுவேன்.

இப்போது அங்கே டைல்ஸ் ஒட்டிய புதுக் கட்டடம். சுவரில் நம்மூர்ப் பாம்புகளாகவே மாட்டியிருக்கிறார்கள். போன மாதம் ராணி போன் செய்தார். "அவரு போய்ட்டாருங்க. வயசாயிடுச்சி, தூக்கத்துலயே."

நேற்று அந்தப் படத்தைப் பார்த்ததும் என் கை தானாகத் தலைக்குப் போய் இரண்டு விரலை நிமிர்த்தியது. என்னைக் கேலி செய்ய அந்த மலையில் இனி ஆளில்லை. அழுதுவிட்டேன், போங்கள்.