முப்பத்தொன்றாம் நம்பர் புத்தகம்

நூலகத்தின் பின்பக்கம், கழிவறையை ஒட்டிய அறை. ஒரு மேஜை, ஒரு போன், நாற்பது படப்புத்தகங்கள். பத்தொன்பது வருஷமாக அவளுடைய ராஜ்ஜியம் அவ்வளவுதான். எல்லோருக்கும் அவள் போன் அக்கா. ஐம்பத்திரண்டு வயதில் ஊர்ப்பட்ட குழந்தைகள் அக்கா என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

வேலை இதுதான். அதே நாற்பது புத்தகங்களின் இன்னொரு பிரதியை நூலகம் வீடுகளுக்கு அனுப்பிவைக்கும். அப்பா அம்மா வேலையிலிருந்து வரும்வரை பூட்டிய வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிற குழந்தைகள் போன் செய்து, அட்டையில் ஒட்டிய நம்பரைச் சொல்வார்கள். அவளும் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாசிப்பாள். பக்கம் முடிந்ததும், அந்த முனையில் தாள் புரளும் சத்தம் கேட்கிற வரைக்கும் காத்திருப்பாள். சில வாண்டுகள் படத்தில் இருக்கிற எறும்பையெல்லாம் எண்ணி முடித்துவிட்டுத்தான் புரட்டும். எண்ணட்டுமே, அவளுக்கென்ன, வண்டியா போய்விடப் போகிறது?

ஒரே ஒரு கண்டிப்பு. குழந்தையின் பெயரையோ வீட்டையோ கேட்கக் கூடாது. தன்னைப் பற்றியும் மூச்சு விடக் கூடாது.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினால் வாய்க்கு வேலையே கிடையாது. அண்ணன் மாதம் ஒருமுறை கூப்பிட்டு, "எப்படி இருக்க?" என்பார். "இருக்கேன்" என்பாள். அத்தோடு உறவு தீர்ந்தது. எதிர்வீட்டில் ஆறு வருஷமாக ஒருவர் குடியிருக்கிறார். அவருடைய செருப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். முகத்தைக் கேட்டால் தெரியாது.

தினமும் நாலு பத்துக்கு ஒரு போன் வரும். "அக்கா, முப்பத்தொண்ணு." ஏழு வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. ஒன்றரை வருஷமாக அதே புத்தகம்தான். சிநேகிதம் தேடி நகரத்துக்கு வந்த ஒரு நெருப்புக்கோழியின் கதை. நடுவில் இரண்டு பக்கத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய கட்டடம், அதில் நூறு ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு ஆள்.

"அக்கா, இந்தக் குடைக்காரருக்கும் பக்கத்து ஜன்னல் கண்ணாடிக்காரம்மாவுக்கும் நடுவுல ஒரு சுவருதானே இருக்கு. தட்டினா கேக்குமே. ஏன் தட்டல?"

"தெரியலையேம்மா."

"வெக்கமா இருக்கும். எனக்கும் பள்ளிக்கூடத்துல வெக்கமாத்தான் இருக்கும்."

அன்று சாயங்காலம் போன் அக்கா எதிர்வீட்டுக் கதவு வரைக்கும் போனாள். கையைத் தூக்கினாள். அப்புறம் தட்டாமலே திரும்பி வந்து படுத்துக்கொண்டாள். பெரிய மனுஷியின் லட்சணம் இது.

இன்னொரு நாள் அந்தப் பெண் சொன்னாள்: "பிரெண்டு யாருன்னு டீச்சர் எழுதச் சொன்னாங்க. போன் அக்கான்னு எழுதினேன். பேரு எழுதுன்னாங்க. உங்க பேரு என்னக்கா?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் குடியா முழுகிப் போயிருக்கும்? பாவி மனசு பயந்தது. "அடுத்த பக்கம் பாப்போமாம்மா" என்றாள்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. திங்கட்கிழமை முதல் போனை மிஷின் எடுக்கும். புத்தக நம்பரை அழுத்தினால் போதும், கதை கேட்கும். எல்லாம் அவளுடைய குரல்தான், ஆள் மட்டும் வேண்டாம். மூன்று நாள் காலையில் உட்காரவைத்து நாற்பது புத்தகத்தையும் பதிவு செய்தார்கள். முப்பத்தொன்று வந்தபோது மட்டும், நாம் இல்லாத குறை அந்தப் பெண்ணுக்குத் தெரியக் கூடாது என்று, தாளில் இல்லாததையெல்லாம் சேர்த்துச் சொன்னாள். "வாம்மா, வந்துட்டியா? இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன ஆச்சு?" என்று ஆரம்பித்து, கொஞ்சம் நிறுத்தி, "அப்படியா!" என்றாள். பதிவு செய்தவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "நேர்ல பேசற மாதிரியே இருக்கு மேடம்" என்றார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு பத்துக்குப் போன் வந்தது. "திங்கக்கிழமையிலேருந்து நான் இருக்க மாட்டேன், மிஷின்தான் பேசும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். காலையிலிருந்து இதையேதான் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் அந்தப் பெண் அன்றைக்கு நல்ல குஷியில் இருந்தாள். நெருப்புக்கோழி மாதிரி பேசிக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை. அதுதான் என் குரல் இருக்கிறதே, குழந்தைக்கு வித்தியாசம் தெரியவா போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு போனை வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து, அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போனாள். தலைமை நூலகர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"உங்க குரலுக்கு இருக்கிற மவுசைக் கேளுங்க. முதல் நாளே ஒரே வீட்டிலிருந்து பதினோரு தடவை முப்பத்தொண்ணை அழுத்தியிருக்காங்க. என்னன்னு தெரியல, ஒரு தடவைகூட ஒரு நிமிஷத்துக்கு மேல கேக்கல."

ஒரு நிமிஷத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத்தானே தெரியும். இன்னைக்கு என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டு, குழந்தை வாயைத் திறக்கும்போதே அப்படியா என்று சொல்லி, பேசப் பேசக் காதில் வாங்காமல் கதைக்குப் போய்விடுகிற ஒரு அக்கா.

"மறுநாள்?"

"மறுநாள் வரல. வியாழக்கிழமை புத்தகத்தையெல்லாம் மூட்டை கட்டி அனுப்பிட்டாங்க. அம்மாக்காரி ஒரு சீட்டு வெச்சிருக்காங்க, சிரிப்பா இருக்கும், பாருங்க."

அவசரத்தில் கிறுக்கிய எழுத்து. 'குழந்தைக்கு இனிமேல் வேண்டாமாம். தான் என்ன தப்பு செய்தோம், போன் அக்கா ஏன் தன்னோடு பேசுவதில்லை என்று கேட்டுச் சொல்லச் சொல்கிறாள். முடிந்தால் தெரிவிக்கவும்.'

"பதில் ஒண்ணு எழுதிப் போடட்டுமா? அட்ரஸ் மட்டும் குடுங்க."

"என்னங்க நீங்க, பத்தொன்பது வருஷம் இங்கயே இருந்துட்டு? குழந்தைங்க அட்ரஸை வெளி ஆளுக்குக் குடுக்க முடியுமா?"

சீட்டை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, ஓரத்தில் ஓட்டை போட்டு, கோப்பில் சேர்த்தார்.