உரிமம் என்று எழுதினேன்

காவல் நிலையத்தில் துப்பாக்கி வைத்திருப்பவரைவிடப் பேனா வைத்திருப்பவனுக்குத்தான் வேலை அதிகம். அந்தப் பேனா வைத்திருந்தவன் நான். கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு நிலையம். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் என் நண்பர்கள் இருக்கிறார்கள். பதவி தலைமைக் காவலர், வேலை ஸ்டேஷன் ரைட்டர். நீங்கள் எப்போதாவது காவல் நிலைய பெஞ்சில் மனுவோடு காத்துக் கிடந்திருந்தால் என்னைத் தெரிந்திருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தவன் நான்தான். நிமிராததற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நிமிர்ந்தால் இன்னும் நான்கு பேர் மனுவை நீட்டுவார்கள்.

அஞ்சல் வழியில் தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் சங்கடங்களுக்கெல்லாம் அதுதான் முதல் குற்றவாளி.

ஒரு மழைக்காலத்தில் மலையில் ஒருவர், காட்டுப்பன்றி என்று நினைத்துத் தன் பங்காளியின் முழங்காலில் சுட்டுவிட்டார். நாட்டுத் துப்பாக்கி, குழலின் வாய் வழியாகக் கரிமருந்தும் சைக்கிள் பால்ரஸ் குண்டும் போட்டுக் குச்சியால் இடிக்கிற வகை. சுட்டவர் சிறைக்குப் போனார், சுடப்பட்டவர் ஊன்றுகோலுக்குப் போனார். அந்த எஃப்.ஐ.ஆரை எழுதியது நான். அப்படி இன்னொன்றை எழுதுவதில்லை என்று அன்று முடிவு செய்தேன். சில வாரங்களில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒரு மாதத்துக்குள் தாமாகத் துப்பாக்கியைக் கொடுத்துவிடுகிறவர்கள் மேல் வழக்கு இல்லை, பெயர்கூடக் கேட்க வேண்டாம். மாதம் முடிந்தால் வீடு வீடாகச் சோதனை, கிடைத்தால் கைது. அந்த ஒரு மாதத்தில் நான் பட்ட பாடு இது.

நான்கெழுத்து

அறிவிப்பை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. 'உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை வைத்திருப்போர் அவற்றைத் தாமாக முன்வந்து காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று எழுதினேன். சந்திப்பிழை இல்லை, ஒருமை பன்மை மயக்கம் இல்லை. இரண்டு முறை வாசித்து ரசித்துவிட்டு, கடைவீதியில் ஜாபர் பாய் நடத்தும் டிடிபி கடைக்கு எடுத்துப்போனேன். பாய் முதல் சொல்லை அடித்ததுமே கையை எடுத்துவிட்டார்.

"சார், உரிமம்னா இன்னா?"

"லைசென்ஸ்."

"அப்ப லைசென்ஸ்னே போட்டுடலாமே?"

தமிழில் சொல் இருக்கும்போது ஆங்கிலம் எதற்கு என்று கேட்டேன். அவர் மறுபடி தயங்கவே, உரிமம் நான்கெழுத்து, லைசென்ஸும் நான்கெழுத்து, ஆகவே காகிதத்திலும் மிச்சமில்லை என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். பாய் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எழுத்து ரெண்டுலயும் சமம்தான் சார். தெரிஞ்ச ஆளுங்கதான் ஒண்ணுல ஜாஸ்தி, ஒண்ணுல கம்மி."

எழுதி வைக்கப்பட்டவர்

முதல் மூன்று வாரமும் மலையிலிருந்து யாரும் வரவில்லை. வந்தவர் ஒரே ஒருவர்: அடிவாரத்தில் கரும்பு போடும் பெரிய விவசாயி, எழுபதைத் தாண்டியவர், தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கி. அதற்கு முறையான உரிமம் உண்டு. புதுப்பிக்கும் நாளை அவர் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. "இந்த நோட்டீஸ் உங்களுக்கு இல்லைங்க" என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. தேர்தல் வந்தால் முதலில் அவர் துப்பாக்கியைத்தான் வாங்கி வைப்போம். ஊரில் தகராறு என்றாலும் முதல் போன் அவருக்குத்தான். அந்தத் துப்பாக்கி அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்களைவிட எங்கள் பீரோவில் படுத்திருந்த நாட்கள் அதிகம்.

துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றித் தொலைக்காட்சியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவதை நானும் பார்க்கிறேன். எல்லோரும் கையில் துப்பாக்கி இருக்கலாமா கூடாதா என்றே கேட்கிறார்கள். கையில் இருப்பது நமக்குத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. பெரியவர் கேட்டார். துப்பாக்கியை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டு, படியில் இறங்கியவர் திரும்பி நின்று கேட்டார்: "பேரு எழுதி வச்சவனயே திரும்பத் திரும்பக் கூப்புடுறீங்க. எழுதி வக்காதவன எப்பங்க கூப்புடப் போறீங்க?"

படிக்கத் தெரிந்தவர்கள்

எனவே நானே போய்க் கூப்பிடுவது என்று கிளம்பினேன். பேருந்தில் கரியாலூர் தாண்டி இறங்கி, அங்கிருந்து ஒரு மணி நேர நடை. மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே நாற்பது வீடுகள். ஊராட்சிக் கட்டடத்துச் சுவரில் என் அறிவிப்பு கோணாமல் ஒட்டப்பட்டிருந்தது. அதன் கீழே பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். படித்தீர்களா என்றேன். படித்தோம் என்றார்கள். துப்பாக்கி இருக்கிறதா என்றேன். இல்லை என்று சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளையன் என்ற ஐம்பது வயதுக்காரர் மட்டும் எழுந்து நின்று, எனக்கு அவமானம் வராதபடி மெதுவாக விளக்கினார்.

"உரிமம் இல்லாத துப்பாக்கின்னு போட்டிருக்குதுங்க ஏட்டையா. அடுத்தவன் துப்பாக்கிய எடுத்து வச்சிக்கினு இருந்தா குடுத்துடணும், அதானுங்களே? எங்க ஊர்ல அந்தப் பழக்கம் கெடையாதுங்க."

"உங்ககிட்ட இருக்கிறது?"

"எங்கப்பனுது."

ஆயுதச் சட்டப்படி ஒரு குற்றத்தை இவ்வளவு நிமிர்ந்த குரலில் யாரும் என்னிடம் ஒப்புக்கொண்டதில்லை. உரிமம் வேறு, உரிமை வேறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது நினைவுக்கு வந்து வாய் தானாக மூடிக்கொண்டது. அகராதி அவர் பக்கம் இருந்தது. அவர் அதோடு விடவில்லை: "அப்பனுது புள்ளைக்கு உரிமை இல்லாம, பக்கத்து வூட்டுக்காரனுக்கா உரிமை?"

யாருக்கு நோட்டீஸ்

அதன் பிறகு அறிவிப்பை மறந்துவிட்டு வாயால் சொன்னேன். அரசாங்கம் சீட்டு கொடுத்தால்தான் துப்பாக்கி வைத்திருக்கலாம், அந்தச் சீட்டுக்குப் பெயர் லைசென்ஸ் என்றேன். "அட, லைசென்ஸா!" என்று நான்கு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். ஜாபர் பாய் அங்கே இல்லாதது என் அதிர்ஷ்டம். வழக்கு வராது, பெயரும் கேட்க மாட்டோம், ஆனால் மாதக் கடைசிக்குப் பிறகு சோதனை நடக்கும் என்பதையும் சொன்னேன். ஊன்றுகோல்காரரை எல்லோருக்கும் தெரியும். அவரைப் பற்றிச் சொன்னபோது சிலர் திரும்பித் தங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார்கள். கொஞ்சம் இறங்கி வருகிறார்கள் என்று தெரிந்தது.

அப்போதுதான் வெள்ளையனின் மனைவி பூங்காவனம் என்னைக் கொல்லைக்கு அழைத்துப்போனார். வேலியோரம் இரண்டு பாத்தி மரவள்ளி அடியோடு புரட்டிப் போடப்பட்டிருந்தது. காட்டுப்பன்றி கிழங்கைத் தின்றதைவிட மிதித்ததே அதிகம். "எம் பொண்ணு கவிதா போலீஸ் பரீட்ச எழுதி, ஓட்டம் எல்லாம் ஓடி பாஸாயிட்டா. இந்தக் கெழங்கு போட்டுத்தான் படிக்க வச்சோம்" என்றார். குற்றத் தடுப்பு பற்றிப் பயிற்சி வகுப்பில் எனக்குப் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பன்றி அதில் ஒரு வரியிலும் இல்லை. பூங்காவனம் பிடுங்கிப் போடப்பட்ட ஒரு செடியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "துப்பாக்கிய எடுத்துக்கினு போங்க ஏட்டையா, வாணாம்னு சொல்லல. பன்னிக்கு நோட்டீஸ் குடுத்துட்டீங்களா?"

பிழை பிடிக்கிறவன்

பன்றிக்கு நோட்டீஸ் கொடுக்க முடியாது, வனத்துறைக்கு மனு கொடுக்கலாம். அன்று மாலைவரை ஊராட்சிக் கட்டடத்தில் உட்கார்ந்து, பயிர் பாழான ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மனு எழுதினேன். நீட்டப்படும் மனுக்களுக்குப் பயந்து இருபது வருடம் நிமிராமல் இருந்தவன், அன்று நானே கேட்டுக் கேட்டு எழுதினேன். மறுநாள் எல்லாவற்றையும் வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கும்வரை நகரவில்லை. பயிரை அளக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். வாய்வார்த்தை வேண்டாம், தேதி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நிலையத்துக்குத் திரும்பினால் என் மேசையில் ஒரு கோப்பு. வெ. கவிதா, காவலர் பணிக்குத் தேர்வு, நன்னடத்தைச் சரிபார்ப்பு. அதில் ஒரு கட்டம்: குடும்பத்தினர் மீது வழக்கு ஏதும் உண்டா? அப்பா செய்த குற்றம் மகளைச் சேராது என்று சட்டம் சொல்லும். கட்டம் அப்படிச் சொல்லாது. அது நிரப்பச் சொல்லும். சோதனையில் வெள்ளையன் பிடிபட்டால் கட்டத்தில் என்ன எழுதுவது என்பது எனக்குத் தெரியும், அதைப் படிக்கிறவர் என்ன செய்வார் என்பதும் தெரியும்.

எங்கள் எஸ்.ஐ. முப்பது வயதுப் பெண், பொறியியல் படித்தவர், எதையும் நாளைக்கு என்று தள்ளாதவர். சோதனைக்கு வேன் கேட்டுக் கடிதம் தயாராக வைத்திருந்தார். கெடு முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. சோதனை போட்டால் இந்தத் துப்பாக்கி கிடைக்கும், அடுத்த துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்ல மாட்டார்கள் என்றேன். ஒரு புதிய நோட்டீஸும், துப்பாக்கியை அவர்கள் ஊரிலேயே வாங்கிக்கொள்ள அனுமதியும் கேட்டேன். மலையிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு கீழே இறங்குகிறவனை வழியிலேயே யாராவது பிடித்துவிட மாட்டார்களா? பழைய நோட்டீஸில் இன்ன சொல்லில் இன்ன குழப்பம் என்று நான் விளக்கிக்கொண்டே போக, அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டபடி அவர் கேட்டார்: "ரைட்டர், நீங்க துப்பாக்கி புடிக்கிறீங்களா, பிழை புடிக்கிறீங்களா?"

இரண்டாம் பதிப்பு

புதிய நோட்டீஸ் இது: 'லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி இருந்தா, சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஊராட்சிக் கட்டடத்துக்குப் பின்னாடி சாத்தி வச்சிட்டுப் போயிடுங்க. யாருதுன்னு கேக்க மாட்டோம், திரும்பிப் பாக்க மாட்டோம்.' ஜாபர் பாய் மேலிருந்து கீழே வாசித்தார், மறுபடி வாசித்தார், என் முகத்தைப் பார்த்தார். "சார், இந்தத் தடவ ஒரு தப்பும் இல்ல. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

விரும்பாத ஒருவர்

சனிக்கிழமை நானும் ஒரு காவலரும் கட்டடத்தின் முன்பக்கம் மேசை போட்டு, பின்பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். காலையில் வெகுநேரம் ஒன்றுமில்லை. பத்து மணிக்குச் செருப்புச் சத்தம் வந்தது, சுவரில் இரும்பு சாயும் சத்தம் வந்தது, செருப்பு திரும்பிப் போயிற்று. அதன்பின் அரை மணிக்கு ஒன்று, கால் மணிக்கு ஒன்று. குற்றத்தைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று கழுத்து வலித்தபோது தெரிந்தது.

நான்கு மணிக்கு வெள்ளையன் வந்தார், முன்பக்கமாக. துப்பாக்கி தோளில், வெள்ளை வேட்டி, எண்ணெய் வைத்து வாரிய தலை. "ரசீது குடுங்க ஏட்டையா" என்றார். ரசீது கிடையாது என்று சொல்ல மனம் வரவில்லை. 'பெயர் கூற விரும்பாத ஒருவரிடமிருந்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று பெறப்பட்டது' என்று எழுதி வாசித்தேன்.

"விரும்பலன்னு யாருங்க சொன்னது?"

"வாசகம் அப்படிங்க."

"வெள்ளையன்னு எழுதுங்க. பேரு இல்லாம குடுத்தா நான் தூக்கிப் போட்ட மாதிரி. பேரு இருந்தாத்தான் நான் குடுத்த மாதிரி."

பெயர் ஆவணத்தில் ஏறினால் எந்தக் காலத்திலாவது யாராவது அதைப் புரட்டுவார்கள் என்றேன். மகளின் கோப்பு என் மேசையில் இருப்பதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், மறுக்கவில்லை, துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார். மணி நாலரை. மறுநாள் காலை வேன் வரும். எழுந்து பின்னால் ஓடினேன். ஓடி வெகுகாலம் ஆகியிருந்தது. வழியை மறித்து நின்று, ஐந்து மணிவரை இங்கிருந்து நகர மாட்டேன் என்றேன். "நகராதீங்க" என்று அவரும் நின்றுவிட்டார். இரண்டு பிடிவாதக்காரர்கள் ஒரு மரவள்ளி வேலியோரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்த கவிதா, தோளில் பையோடு எங்களைத்தான் முதலில் பார்த்தாள். என் கையில் இருந்த ரசீதை வாங்கிப் படித்தாள். "எம் பேர எழுத மாட்டேங்கிறாரு" என்று வெள்ளையன் என்னைக் காட்டி அவளிடம் முறையிட்டார்.

அப்பாவிடம் அவள் சொன்னது கொஞ்சம்தான். அதைக் கேட்டதும் வெள்ளையன் கட்டடத்தின் பக்கம் திரும்பினார். நடந்து வந்து துப்பாக்கியை மேசைமேல் கிடத்தினார், ரசீதை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அவள் சொன்னது இதுதான்: "எம் பேருக்கு முன்னாடி உம் பேரோட மொத எழுத்து இருக்குதுப்பா. வேல ஆர்டர்ல அது வரும். இங்க வாணாம், அங்க வரட்டும்."

அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கோப்பை மேலே அனுப்பினேன். நடக்காமல் போன குற்றங்களுக்குப் பதிவேட்டில் பத்தி கிடையாது என்பதால், அந்த மாதம் எங்கள் நிலையத்தில் யாரும் வேலை செய்ததாகத் தெரியவில்லை என்றே ஆவணங்கள் இன்றும் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கின்றன.