மல்லாட்டைப் பாட்டுக்கு இறக்கிய கம்பிகள்

எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனது. வரி கோணலாகப் போனாலும், முன்னால் நடந்ததைப் பின்னால் சொன்னாலும் கோபித்துக்கொள்ள வேண்டாம். மறதியும் ஜாஸ்தியாகிவிட்டது.

போன வாரம் பேத்தி போனைப் பார்த்துக்கொண்டே தன் கிட்டார் கம்பிகளைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். "எல்லாரும் சுதி கட்டுற மாதிரி இல்ல ஆயா, இது வேற மாதிரி" என்றாள். தடித்த கம்பி தொளதொளவென்று கட்டையில் இடித்து அதிர்ந்தது. அந்தச் சத்தத்தைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். சொல்லச் சொன்னாள், வாய் வரவில்லை. நோட்டைக் கொடுத்துவிட்டாள்.

அப்போது எங்கள் வீடு செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி. மாடி அறையை அப்பா வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுவார். எனக்கு எட்டு வயதில் அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண் கிட்டாரோடு வந்து தங்கினாள். வெள்ளைக்காரக்கா என்று கூப்பிடுவேன். அவளுக்குத் தெரிந்த தமிழ் வேணும், போதும், கொஞ்சம். அந்த மூன்றை வைத்துக்கொண்டே கடைக்குப் போய் வந்துவிடுவாள்.

கிணற்றடியில் உட்கார்ந்து அம்மா விதைக்கு மல்லாட்டை உரிப்பாள், வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன். உரிக்கும்போது வாயைத் திறக்காமல் ஒரு ராகம் இழுப்பாள். வார்த்தை கிடையாது. மேலே போய், நடுவில் ஒடிந்து, வழுக்கிக்கொண்டே கீழே வரும். யாராவது வந்தால் நிறுத்திவிடுவாள். நான் அந்த யாராவதில் சேர்த்தி இல்லை. மல்லாட்டை உரிப்பதற்கென்றே இருக்கிற பாட்டு என்று நினைத்திருந்தேன்.

மாடியில் இருந்தவளுக்கும் அது கேட்டிருக்கிறது. கிட்டாரில் வாசித்துப் பார்த்தாள், வரவில்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, கிணற்றடியைக் காட்டி, "வேணும்" என்றாள். நான் அம்மா மாதிரியே வாயை மூடிக்கொண்டு இழுத்துக் காட்டினேன்.

அதற்கப்புறம் பள்ளிக்கூடம் விட்டதும் மாடிதான். நான் கொஞ்சம் பாடுவேன், அவள் ஒரு கம்பியை இறக்குவாள். தலையாட்டுவேன், இல்லையென்றால் உதட்டைப் பிதுக்குவேன். ஒரு கம்பி அறுந்து அவள் கன்னத்தில் கீறிவிட்டது. தடித்த கம்பி கட்டையில் இடிக்கிற அளவுக்கு இறங்கியது. நடுவில் இரண்டு கம்பிகளை ஒரே சத்தத்துக்குக் கட்டி, ஒன்றை மட்டும் மயிரிழை இறக்கினாள். ஒரு சின்ன மருந்துப் புட்டியைக் கம்பிமேல் வைத்து இழுத்தாள். இரண்டும் சேர்ந்து நடுங்கின. அம்மாவின் குரல் ஒடிகிற இடம் அதுதான். என் கையில் ரோமம் நின்றுவிட்டது. அம்மா கீழே கடைத்தெருவுக்குப் போயிருந்தாள், ஆனால் அந்தக் கிட்டாருக்குள்ளே இருந்தாள். பயந்து அழப்பார்த்தேன். வெள்ளைக்காரக்கா பிஸ்கட் கொடுத்தாள். அப்புறம் பெருமையாகிவிட்டது.

அந்த மாசம் அத்தைக்கு நிச்சயம் வைத்தார்கள். அப்பாவின் தங்கை. முன்னால் இரண்டு சம்பந்தம் வந்து தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் யாரும் வர மாட்டார்கள் என்று வீட்டில் எல்லாரும் மெதுவாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தட்டு மாற்ற இன்னும் நேரம் இருந்தது. அப்பாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "எங்க மாடியில இருக்கிறவங்க நல்லா வாசிப்பாங்க" என்று கூட்டி வந்துவிட்டார்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அம்மாவின் பாட்டை வாசித்தாள். எங்கள் வீட்டுப் பாட்டு என்று ஆசையாகத்தான் வாசித்தாள்.

பெண்கள் பக்கம் பேச்சு நின்றது. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. ஒரு கிழவியின் கை தானாக எழுந்து மார்பில் போய் விழுந்தது. சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "நல்ல காரியத்துல ஒப்பாரியா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அத்தையின் முகம் சாம்பலாகிவிட்டது. சமையல்கட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

ஆண்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இழவு வீட்டில் அவர்கள் வெளியேதானே உட்கார்ந்திருப்பார்கள். மாப்பிள்ளையின் மாமா, "அட, நல்லாருக்கே. இன்னொரு வாட்டி வாசிக்கச் சொல்லுங்க" என்றார். அவளும் சந்தோஷமாக இன்னொரு வாட்டி வாசித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நேரே சமையல்கட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். சொல்லிக்கொடுத்தது நான்தானே.

அம்மா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். "நான் யாருக்கும் பாடிக் காட்டலைங்க. சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. அந்தப் பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போட்டுடாதீங்க."

"அது கெடக்கட்டும். யாருக்குப் பாடினது?"

அம்மா கீழே விழுந்த பாத்திரத்தை எடுத்து வைத்தாள். "முதல் புள்ளைங்க. பையன். அஞ்சு மாசம்."

"எனக்கு ரெண்டு போச்சு" என்றாள் அந்தம்மா. "என் பாட்டு இப்படி எறங்காது. அது வேற மாதிரி." தன் முந்தானையால் அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். கூடத்துக்குத் திரும்பி வந்து, "நேரம் ஆகுது பாருங்க, தட்ட மாத்துங்க" என்றாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது ஒப்பாரி என்று ஆண்களிடம் யாரும் சொல்லவில்லை. தட்டு மாறியது. வெள்ளைக்காரி வாசிக்க என் தங்கச்சி நிச்சயம் நடந்தது என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னை யாரும் அடிக்கவில்லை. ஆனால் அம்மா அதற்கப்புறம் மல்லாட்டையைச் சத்தமில்லாமல் உரித்தாள். ஓடு உடைகிற சத்தம் மட்டும்தான். நான் மாடிக்குப் போய் "போதும்" என்றேன். வெள்ளைக்காரக்காவுக்கு ஏன் என்று புரியவில்லை. ஒவ்வொரு கம்பியாகப் பழையபடி முறுக்கிவிட்டாள்.

சமையல்கட்டில் அன்றைக்கு எனக்குப் பட்டது ஒன்றுதான். முதல் பிள்ளை நான்தானே, அம்மா பதற்றத்தில் தப்பாகச் சொல்கிறாளே என்று திருத்த வாயெடுத்தேன். அந்தம்மா என் தலையில் கை வைத்து அழுத்தினாள், நிறுத்திக்கொண்டேன். அது கணக்குத் தப்பில்லை என்று புரிய வருஷங்கள் ஆனது. புரிந்தபோது கேட்பதற்குக் கூச்சம். அப்புறம் அம்மாவும் இல்லை.

கம்பி விஷயம் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பேத்தி பார்க்கட்டும். மற்றதை, கீழ்பென்னாத்தூரில் அத்தை இருக்கிறாள், காது மட்டும் கம்மி, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சரிபார்க்கவும். அஞ்சு மாசமா, ஆறு மாசமா. அந்தப் பையனுக்குப் பேர் வைத்திருந்தார்களா, வைத்திருந்தால் என்ன பேர்.